வாகரைக்குப் போனவளும் போக முடியாதவளும்

லெத்திசியாவுக்குக் கொழும்புக்கு விமான ரிக்கற் போட்டுக் கொடுத்தவளே பேர்ளிதான்.

பாரிஸின் லா சப்பலில் தவரத்தினத்தின் பயண முகவர் கடையில் அவளுக்கு வேலை. மன்னாரில் பிறந்து, பதினாறு வயதில் அகதியாக வந்தவள். பகலில் ஊராரை ஊருக்கு அனுப்பிக்கொண்டே, பூர்வகுடிகள் பற்றிய முதுகலைப் படிப்பிலும் சேர்ந்திருந்தாள். ஆய்வேட்டுக்கு அவள் எடுத்தது கிழக்கிலங்கையின் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களை. தமிழ் பேசும் பூர்வகுடிகள். அதே வகுப்பில் படித்த லெத்திசியாவும் அவர்களையே எடுத்தாள். அவள் பிரெஞ்சுக்காரி, நினைத்தால் போகலாம். பேர்ளியின் அகதிப் பயணப் பத்திரத்திலோ இலங்கை தவிர மற்ற நாடுகளுக்கு என்று அச்சடித்திருந்தது.

"ஜன்னல் ஓரமா?" என்று பேர்ளி சிரித்துக்கொண்டே கேட்டாள். வயிறு எரிந்தது.

"உன்ரை சிநேகிதியே, பிள்ளை?" என்றார் தவரத்தினம், லெத்திசியா போனபிறகு.

"வகுப்பிலை ஒண்டாப் படிக்கிறம் அண்ணை. அவ்வளவுதான்."

பிறகு கைபேசிக்குப் படங்கள் வரத் தொடங்கின. கடலை ஒட்டிய களப்பின் நீரோரத்தில் மீன் பிரிக்கும் பெண்களோடு லெத்திசியா குந்தியிருந்தாள். பேர்ளி படத்தைப் பெரிதாக்கி, அவள் காலில் அப்பியிருந்த சேற்றையே பார்த்தாள். தன் காலில் இருக்க வேண்டிய சேறு.

திரும்பி வந்த லெத்திசியா ஒலிப்பதிவுகளோடு கடைக்கு வந்தாள். "மொழிபெயர்த்தவர் சுருக்கித்தான் சொன்னார். நீ ஒருமுறை கேட்பாயா?"

இருவரும் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். பதிவில் தெய்வானை என்ற மீன்காரப் பெண் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவ கேக்கிறதத்தான் போன வருசம் வந்தவங்களும் கேட்டாங்க. எழுதிட்டுப் போன ஒருத்தரும் திரும்பி வரல்ல. என்னத்தையாவது சொல்லி அனுப்பு தம்பி."

அதையே, உங்களைக் கண்டதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி என்று மொழிபெயர்ப்பாளர் லெத்திசியாவிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்.

பேர்ளி ஒரு சொல்லும் விடாமல், நிறுத்தி நிறுத்தி, பிரெஞ்சில் சொன்னாள். லெத்திசியாவின் முகம் தொங்கிப்போனது. பேர்ளிக்குத் தேநீர் இனித்தது.

அந்த இனிப்பு நீடிக்கவில்லை. கேள்வி கேட்க வருபவர்களிடம் மக்கள் எதை மறைக்கிறார்கள் என்பதையே லெத்திசியா தன் ஆய்வாக்கிவிட்டாள். தேர்வுக் குழு பாராட்டியது, முனைவர் பட்டத்துக்கு இடமும் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் பேர்ளியுடையது. அவள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மூடி வைத்தாள்.

பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு லெத்திசியாவிடமே தெய்வானையின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாததால் தெய்வானை மனம் விட்டுப் பேசினாள்: காட்டுக்குள் போகவிடாத வேலிகள், தேனெடுக்கத் தடை, பள்ளிக்கூடத்தில் வேடர் என்ற பெயரைச் சொல்லக் கூசும் பிள்ளைகள். கிழமைக்கு ஒருமுறை என்று பேச்சு ஒரு வருடம் ஓடியது. பேர்ளியின் ஆய்வேடும் தேறியது.

அதைச் சொல்ல அவள் அழைத்தபோது தெய்வானை சந்தோசப்பட்டாள். அடுத்து, "அந்த வெள்ளப் புள்ள சுகமா இருக்காவா? ஆவணில திரும்பி வாறன் எண்டு சொன்னா. நாங்க குடுத்ததெல்லாம் நல்லாச் சாப்பிடுவா," என்றாள்.

"சுகமா இருக்கிறா அக்கா," என்றாள் பேர்ளி.

"நீங்க எப்ப வாறீங்க?"

"பார்ப்பம் அக்கா," என்று சொல்லி, களப்பில் இப்போது என்ன மீன் படுகிறது என்று கேட்டாள்.