சிற்றம்பலம் விட்டுவிட்ட ஒன்பது நாட்கள்

சிற்றம்பலம் அண்ணை ஜன்னலைத் திறப்பதை நான் பதினொரு வயதிலிருந்து பார்த்து வந்தேன். ஜெர்மனியில் ஹம் நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். விசா அலுவலாக அப்பா அங்கே போகும்போதெல்லாம் நானும் கூடப் போவேன். எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்தினால் போதும், அண்ணை எழுந்துவிடுவார். "புழுக்கமா இருக்கு" என்று ஜன்னலைத் திறப்பார். வெளியே பனி கொட்டினாலும் அவருக்குப் புழுக்கம்தான். அவர் திரும்பி வந்து உட்காரும்போது பேசியவர் வேறு கதைக்குப் போயிருப்பார்.

அப்பாவுக்கும் அவர் அண்ணை, எனக்கும் அண்ணை. ஆனால் யாரும் அவரை நம்பியதில்லை. "அந்தாளோட கனக்கக் கதைக்காத. எங்கட கதையெல்லாம் அந்தாளின்ர தலைக்குள்ள கிடக்கு. ஆருக்குக் குடுக்குதோ ஆர் கண்டது" என்பார் அப்பா. வியாழக்கிழமைகளில் இரண்டு மணிக்கு அண்ணை மேசையைப் பூட்டிவிட்டுப் பக்கத்து நகரமான டோர்ட்முண்டுக்கு ரயில் ஏறுவார். அலுவலக நாட்காட்டியில் வெறுமனே 'டெர்மின்', அதாவது சந்திப்பு, என்று இருக்கும். அங்கே இலங்கைத் தூதரகத்தின் ஆளைச் சந்திக்கிறார் என்று சனம் சொன்னது. கண்டவர் ஒருவரும் இல்லை. சொல்லாதவரும் ஒருவரும் இல்லை.

2007இல் நான் மூன்றாம் ஆண்டு சட்ட மாணவி. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். வாரத்தில் இரண்டு நாள் அதே அலுவலகத்தில் கோப்புகளைப் பிரதி எடுக்கும் வேலை கிடைத்தது. படித்தவள் என்ற திமிரா, அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பயமா, எதனால் என்று இப்போதும் தெளிவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அண்ணையை நோட்டம் விட ஆரம்பித்தேன்.

அந்த மார்ச்சில் புஷ்பா அக்கா வந்தார். நாற்பது வயது, கொழும்பிலிருந்து தனியாக வந்தவர். அகதி அலுவலகத்தின் விசாரணைக்கு முன்பே எங்கள் வழக்கறிஞர் லோமன் அம்மையார் ஓர் எழுத்து வாக்குமூலம் அனுப்பிவிடுவார். அகதி தமிழில் சொல்ல, அண்ணை ஜெர்மனில் எழுதுவார். அம்மையார் அதை நம்பிக் கையெழுத்திடுவார். அன்று அடுத்த அறையில் பிரதி இயந்திரத்தின் அருகே நான் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. இராணுவ முகாமில் இருந்த ஒன்பது நாட்களைப் பற்றிப் புஷ்பா அக்கா அரை மணி நேரம் பேசினார். அண்ணை இரண்டு தடவை ஜன்னலைத் திறந்தார். அக்கா நிறுத்தவில்லை.

பிறகு என் கைக்கு வந்த தாளில் அந்த ஒன்பது நாட்களுக்கு ஒரே வரி: 'தடுத்து வைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டேன்.'

சட்டத்தில் இப்படித்தான் எழுதுவார்களோ, எனக்கு என்ன தெரியும் என்று நினைத்து உறையில் போட்டு ஒட்டினேன்.

ஜூன் மாத விசாரணையில் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நிராகரிப்புக் கடிதம்தான் வந்தது. முதல் வாக்குமூலத்தில் இல்லாத கொடுமைகள் பின்னால் சேர்க்கப்பட்டவை, நம்பத்தக்கவை அல்ல என்று அதில் இருந்தது. லோமன் அம்மையார் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். அங்கேயும் தோற்றால் அக்காவைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

"இதையெல்லாம் அவர் உங்களிடம் சொன்னாரா?" என்று அம்மையார் அண்ணையிடம் கேட்டார்.

"இல்லை" என்றார் அண்ணை, தலை நிமிராமல்.

கோப்போடு பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளருக்கு எதிராக ஒரு மாணவியின் காது எடுபடுமா? யாரோ இவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றே நம்பினேன். அடுத்த வியாழன் அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன்.

டோர்ட்முண்டில் அவர் ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்தார். வாசலில் மாடிக்கொன்றாக மூன்று பெயர்ப் பலகைகள்: பல் மருத்துவர், வரி ஆலோசகர், மூன்றாம் மாடியில் மனநலச் சிகிச்சையாளர். எனக்கு வரி ஆலோசகர்மேல்தான் சந்தேகம். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் டிராம் தரிப்பிடத்தில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

"பின்னால வந்தனீரோ, பிள்ளை?"

"ஓம்."

"எந்த மாடி எண்டு நினைச்சீர்?"

"வரி ஆலோசகர்."

சிரித்துவிட்டார். "பரவாயில்லை, மரியாதையான சந்தேகம். மூண்டாம் மாடிக்கு வந்தனான். நாலு வருசமா வாறன். நித்திரை இல்லை."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? சனம் உங்களை உளவாளி எண்டு சொல்லுது."

"சொல்லட்டும். உளவாளி எண்டா சனம் பயப்பிடும். விசரன் எண்டா சிரிக்கும். பிறகு என்ர மகளை ஆர் கட்டுவான்? கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் பட்டியலில இருந்தும் பேரை வெட்டிப்போடுவாங்கள்."

புஷ்பா அக்காவின் வாக்குமூலத்தைப் பற்றிக் கேட்டேன். வந்த டிராமில் ஏறாமல் அவர் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்தார்.

"வந்த ஆக்களின்ர இடத்தில இருந்துதான் நாங்கள் சொல்லோணும், பிள்ளை. என்னை அடிச்சாங்கள், என்னைக் கட்டித் தூக்கினாங்கள் எண்டு. இருவது வருசமா எல்லாற்ற அடியும் எனக்குத்தான். அண்டைக்கு அந்த ஒன்பது நாளையும் எழுத ஏலாமப் போச்சு. பேனை ஓடேல்லை."

"அது புஷ்பா அக்கான்ர உயிர், அண்ணை."

"தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இல்லை எண்டு சொன்னனான்."

"வேற ஆற்றையும் இப்பிடி விட்டனீங்களோ?"

"சீச்சீ. இவவின்ர மட்டும்தான்."

பதில் மிக வேகமாக வந்தது.

திங்கட்கிழமைக்குள் லோமன் அம்மையாரிடம் அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன், நான் மறைத்ததையும் சேர்த்தே சொல்வேன் என்றேன். நோயாளி ஒருவரை மிரட்டினேனா, ஒரு பெண்ணைக் காப்பாற்றினேனா? ரயிலில் திரும்பும்போது எனக்கே விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை.

திங்கள் காலை அண்ணை ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். தவறு தன்னுடையது, அக்கா அன்றே அனைத்தையும் சொன்னார் என்று எழுதியிருந்தது. லோமன் அம்மையார் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ, இரண்டு வருடமாகக் காலையில் வாகனத் தரிப்பிடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகே தன்னால் மேலே ஏறி வர முடிகிறது என்றார். ஒரே அலுவலகத்தில் ஒருவர் ஜன்னலைத் திறந்தார், ஒருவர் காருக்குள் இருந்தார். மேல்முறையீட்டுக் கெடுவை நாள் பிசகாமல் எண்ண எனக்குக் கற்றுத்தந்த பல்கலைக்கழகம், இதையெல்லாம் கேட்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு விரிவுரையிலும் சொன்னதில்லை.

அதன்பிறகு மாதம் ஒரு முறை வெளியிலிருந்து ஓர் உளவள ஆலோசகர் வந்தார். முதல் தடவை மூன்று பேரும் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம். சொன்னதை அவர் எங்கே கொண்டுபோவாரோ என்ற பயம். மூன்றாவது தடவைதான் அம்மையார் அழுதார்.

2008இல் நீதிமன்றம் புஷ்பா அக்காவை நம்பியது. அண்ணை தானே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, ஸ்டுட்கார்ட்டில் மகளிடம் போய்விட்டார். ஒரு பூ மொத்தக் கடைக்கு வண்டி ஓட்டுகிறாராம். தூதரகம் அவரை இடம் மாற்றிவிட்டது என்று ஹம்மில் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

போவதற்கு முந்திய நாள் அவர் என்னிடம் வந்தார். "அண்டைக்குப் பொய் சொன்னனான், பிள்ளை. வேற ஆக்களின்ரயும் இருக்கு. எத்தினை எண்டு தெரியேல்லை. தாளைக் கண்டா ஞாபகம் வரும்." ஒரு சனிக்கிழமை வந்து, நிலவறையில் இருக்கும் பழைய கோப்புகளைப் புரட்டி, தான் விட்ட இடங்களைக் குறித்துத் தருவதாகச் சொன்னார்.

இந்த வருடம் ஜேசுரட்ணம் என்பவர் அதே அலுவலகத்தில் என்னிடம் வந்தார். 2003இல் நிராகரிக்கப்பட்டு, நாடு கடத்தலைத் தள்ளிவைக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் தற்காலிகத் தாளோடு வாழ்கிறவர். "புஷ்பா சொன்னவ. என்ர தாளிலயும் சிற்றம்பலம் ஏதும் விட்டவரோ, தங்கச்சி? நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல கதைச்சனான்." கோப்பை எடுத்துப் பார்த்தேன். சிறை பற்றி மூன்று வரி. எதைத் தான் விட்டார், எதை ஜேசுரட்ணமே அன்று சொல்லாமல் விட்டார் என்று அண்ணை ஒருவரால்தான் சொல்ல முடியும்.

சொன்னபடி வந்து குறித்துத் தரச் சொல்லி ஸ்டுட்கார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஓம் பிள்ளை, வாற சனி கட்டாயம் வாறன்" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமைகள் போய்விட்டன. அவர் வரவில்லை.