பிலோமினா அக்கா கையெழுத்துப் போடாத வண்டி

பொம்மனஹள்ளி சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் தங்கை ஸ்டெல்லாவின் போன் வந்தது. "அண்ணா, அக்கா விடியக்காலைல போயிட்டாங்க. ஹார்ட்னு சொல்றாங்க. நீங்க வாங்க." பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். சற்று நேரத்தில் எங்கள் மேனேஜரின் வாட்ஸ்அப் செய்தி வந்தது: "பாதுகாப்பையே மூச்சாகக் கொண்டவரை இழந்துவிட்டோம்." அதைப் படித்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. அஞ்சலிக்கு உரிய பணிவு இதில் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மர்பி டவுன் பிலோமினா அக்கா ஹெப்பகோடியில் உள்ள எங்கள் யார்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஏரிகளுக்குப் படகு வாடகைக்கு விடும் கம்பெனி அது. மழையில் குடியிருப்பு லேஅவுட்டுகள் மூழ்கும்போது ஆட்களை மீட்கவும் எங்கள் படகுகள் போகும். படகு ஏற்றும் டிரெய்லர்களை மழைக்காலத்துக்கு முன் சோதித்து, ஓடலாம் என்று கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. நான் அவற்றை இழுத்துப் போகும் ஜீப்பின் டிரைவர். வயது பார்க்காமல் யார்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவருக்கு நாங்கள் எல்லோரும் அண்ணா.

அக்கா வேலைக்கு வந்த முதல் வருடம், காலி டிரெய்லரை இரண்டு கிலோமீட்டர் இழுத்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்ததும் குனிந்து, சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில் புறங்கையை வைத்தார். "டாக்டரம்மா காய்ச்சல் பாக்கறாங்க" என்று நான் கிண்டல் செய்தேன். "ஆமாண்ணா, நூத்தி நாலு. கழட்டுங்க" என்றார். கழற்றினால் உள்ளே இருந்த கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. ஓடிச் சூடான ஹப்பை அப்படியே ஏரியில் இறக்கினால் அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பேரிங் துருப்பிடிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் ஆறு வருடம் அதே வண்டியை நான் இழுத்திருக்கிறேன்.

சோதனைத் தாளில் மற்றவர்கள் டிக் அடிப்பார்கள். அக்கா அடிக்கமாட்டார். "பார்த்தேன். தொட்டேன். ஓடலாம்" என்று ஒவ்வொரு வண்டிக்கும் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

ஒரு பெருமழையில் சர்ஜாபூர் பக்கம் போனோம். வழியில் வேறு யாருடைய டிரெய்லரோ ஒரு சக்கரம் இல்லாமல், படகோடு சாய்ந்து கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்து, மாடிகளில் மாட்டிக்கொண்டிருந்தவர்களை இறக்கிக்கொண்டு வந்தோம். படகோட்டிகளுக்குச் சால்வை போட்டார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது. அக்காவை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் சிரித்தார். "சக்கரம் கழலலன்னு யாருண்ணா கைதட்டுவாங்க?"

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். பெரிய டிரெய்லருக்குச் சோதனைக்கு முன்பே ஆரஞ்சு பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடத்தில் அக்கா சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். இழுத்துப் பார்த்ததில் இடது ஹப்பும் கை வைக்க முடியாத சூடு. கையெழுத்துப் போட மறுத்தார். மேனேஜர், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிம்மா, கொஞ்சம் பாத்துப் பண்ணும்மா, மழை வந்தாச்சு" என்றார். "மழைக்காகத்தான் சார் சொல்றேன்" என்றார் அக்கா.

மூன்று முறை ஆபீசுக்குப் போனார். மூன்றாம் முறை போகும் முன் என்னிடம் வந்தார். "ஓட்டறது நீங்க. நீங்களும் ஒரு வார்த்த சொன்னா ரெண்டு பேரு சொன்ன மாதிரி ஆகும்ணா."

"பாக்கலாங்க்கா" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். ஆபீசில் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அக்காவைக் கேட்டில் உட்கார்ந்து வருபவர் பெயர் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். மூன்று வாரம் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தினமும் அவரைக் கடந்துதான் உள்ளே போனேன். அப்போதும் என்னைப் பார்த்து, "சாப்டீங்களாண்ணா?" என்றுதான் கேட்டார்.

அடக்கத்தன்று காலை மர்பி டவுனில் அவர் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. வேறு டிரைவர் ஓட்டி வந்தார். பின்னால் அதே பெரிய டிரெய்லர்! வண்டி முழுக்க ரோஜாவும் சம்பங்கியும், முன்னால் அக்காவின் படம் போட்ட ஃபிளெக்ஸ். கம்பெனி மரியாதையாம். அக்காவின் பெட்டியை அதில் வைத்து ஊர்வலமாகக் கல்லறைக்குக் கொண்டுபோவார்களாம்.

குனிந்து இடது ஹப்பில் புறங்கையை வைத்தேன். சுட்டது.

"இதுல அக்கா போகமாட்டாங்க" என்றேன்.

மேனேஜர் என் தோளைப் பிடித்தார். "சாவு வீட்டுல கலாட்டா பண்ணாதீங்க."

"ஏன்ணா, என்னாச்சு?" என்று கேட்டார் ஸ்டெல்லா. நான் பூச்சரத்தைப் பிய்த்து எறிந்து விரிசலைக் காட்டினேன். அக்கா சுரண்டிய இடத்தில் மறுபடியும் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதையும் மீறி விரிசல் தெரிந்தது, முன்பைவிட நீளமாக. நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் வாய் திறக்காததையும் சேர்த்து. ஸ்டெல்லா மேனேஜரிடம் திரும்பினார். "எங்கக்கா கையெழுத்து போடாத வண்டில எங்கக்கா வேணாம் சார். எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துட்டும் போகக்கூடாது" என்று நான் ஜீப்பிலிருந்து டிரெய்லரைக் கழற்றினேன். டேஷ்போர்டில் சோதனைத் தாள் இருந்தது. அக்கா எழுதவேண்டிய இடத்தில் மேனேஜரின் கையெழுத்து இருந்தது. அதன்மேல் நான் எழுதினேன்: "பார்த்தேன். தொட்டேன். ஓடக்கூடாது." கீழே என் பெயரை முழுதாகப் போட்டு மேனேஜர் கையில் கொடுத்தேன். என் வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அக்காவைத் தோளில் சுமந்துகொண்டு மாதா கோயிலுக்கும், அங்கிருந்து கல்லறைக்கும் நடந்தோம். திரும்பி வந்தபோது டிரெய்லர் அதே இடத்தில் நின்றது. வெயிலில் ரோஜாக்கள் வாடியிருந்தன.

போய் வாருங்கள், அக்கா. நீங்கள் கேட்டபோது சொல்லாமல் விட்டதற்கு என்னை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் இப்போது இரண்டு பேர் சொல்லியிருக்கிறோம்.