விடுபட்ட மூன்று மணி நேரம்

நான்கு பெண்களில் இரண்டாமவளாகப் பிறந்தவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளி. அலுவலகத்தில் வைத்தது ஸ்கேல் அக்கா. இரண்டு பெயர்களுக்கும் வேர் ஒன்றுதான். எந்தக் காகிதத்தைப் படித்தாலும் ஓர் எஃகு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு போவாள். கண் ஒரு வரியைத் தாண்டிவிடுமோ என்ற பயம். இருபத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள், நாற்பத்தெட்டாம் வயதில் அதன் கல்விப் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக இருந்தாள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதே அவளுடைய கொள்கை. மேலதிகாரி கூப்பிட்டால், எதற்கு என்று தெரிவதற்கு முன்பே, செய்யாத தப்புக்கும் சேர்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"அக்காவக் கூப்பிடறதா இருந்தா ஒரு டம்ளர் தண்ணியும் சேத்துக் குடுத்துதான் அனுப்பணும்" என்பார் அலுவலக உதவியாளர்.

அவளுடைய வேலையைச் சற்று விளக்க வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஒரு படிப்பில் பாடங்களை மாற்ற வேண்டுமானால் துறை ஆசிரியர்கள் கூடி எழுதுவார்கள். பாடத்திட்டக் குழு அதை வெட்டும், ஒட்டும். கடைசியில் அறுபது பேராசிரியர்கள் அடங்கிய கல்விப் பேரவை ஒப்புதல் தரும். இவர்கள் எல்லாருக்கும் ஓர் ஒப்பீட்டு அட்டவணை போக வேண்டும்: இடப்பக்கம் பழைய பாடத்திட்டம், வலப்பக்கம் புதியது, மாறிய இடத்துக்கு மட்டும் அடிக்கோடு. அதைத் தயாரிப்பவள் அவள். நானூறு பக்கத்தை யார் படிப்பார்கள்? எல்லாரும் அடிக்கோட்டை மட்டும் தொட்டுக்கொண்டு போவார்கள். "அக்கா கோடு போடலன்னா அங்க எதுவும் மாறலன்னு அர்த்தம்" என்று பேராசிரியர்களே மெச்சிக்கொள்வதுண்டு. அந்த மெச்சலைக் கேட்டதும் அவள் போட்ட கோடுகளை இன்னொரு முறை சரிபார்க்க உட்கார்ந்துவிடுவாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பேரவை இன்று எடுத்த முடிவு இன்றே கெட்டிப்படுவதில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக, போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்வார்கள். "எல்லாருக்கும் வந்திருக்கும், உறுதி செய்யலாமா?" என்பார் துணைவேந்தர். யாராவது இருமுவார்கள். உறுதியாகிவிடும். மொத்தம் அரை நிமிடம். அதற்கு முன்னால் என்றால் ஒரு பிழையை ஒரு வார்த்தையில் திருத்தலாம். பின்னால் என்றால், துறையிலிருந்து தொடங்கி எல்லாப் படிகளையும் மறுபடி ஏற வேண்டும். அந்தத் திருத்தமும் அடுத்த ஆண்டு சேருகிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

பேரவைக் கூட்டம் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவள் போன கூட்டத்தின் குறிப்பைக் கடைசி முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழாம் பக்கம், செவிலியர் பட்டப்படிப்பு, முதலாம் ஆண்டு. அடியில் 'வாரத்துக்கு மொத்தம் முப்பது மணி நேரம்' என்று இருந்தது. கூட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கை பழகிய பழக்கம், கூட்டினாள். இருபத்தேழு வந்தது. மேலிருந்து கீழாகக் கூட்டினாள், கீழிருந்து மேலாகக் கூட்டினாள். இருபத்தேழுதான்.

துறை அனுப்பிய மூலப்படியை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: மருந்தளவுக் கணக்கீடு, செய்முறை, மூன்று மணி நேரம். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி, நரம்பில் ஏறும் மருந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பதைக் கையால் செய்து பழகும் வகுப்பு அது. மூலப்படியில் அந்த வரி ஒரு பக்கத்தின் உச்சியில், அட்டவணைத் தலைப்புக்கு நேர் கீழே இருந்தது. இரண்டு பக்கங்களை ஒன்றாக்கும்போது, இரண்டாம் பக்கத்தில் திரும்ப வந்த தலைப்பை அவள் நீக்கியிருக்கிறாள். தலைப்போடு அதன் கீழிருந்த வரியும் போயிருக்கிறது. இல்லாமல் போன வரிக்கு அடிக்கோடு போட முடியாதல்லவா? குழு பார்த்தது, பேரவை பார்த்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அறுபத்துநான்கு பேர் அந்தப் படிப்பில் சேர்ந்தாகிவிட்டது. அடுத்த வாரம் வகுப்பு. அந்தச் செய்முறை இல்லாமல் படித்து வந்தவரைச் செவிலியர் மன்றம் பதிவு செய்யாது. பதிவில்லாத செவிலியரை எந்த மருத்துவமனையும் வாசலில்கூட நிற்க விடாது.

பதிவாளரின் அறைக்குப் போகும் தாழ்வாரம் அன்று முடியவே இல்லை. போய்ச் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார். இப்பதான் பார்த்தேன்."

"அப்ப யாரும் பார்க்கல. நீங்களும் பார்க்கல."

"சார், பிள்ளைங்க அறுபத்திநாலு பேரு…"

"பேரவை ஒப்புதல் குடுத்தாச்சும்மா. அறுபது பேர் கையத் தூக்கியிருக்காங்க. அது அவங்க முடிவு. அடுத்த வருஷம் திருத்தம் வரும்போது நைசா சேர்த்துடலாம்."

"இந்த வருஷம் சேர்ந்தவங்களுக்கு அது பொருந்தாதே சார். மன்றத்துல கேப்பாங்களே."

"கேக்கறது நாலு வருஷம் கழிச்சு. அப்ப நானும் இங்க இருக்க மாட்டேன், நீங்களும் இந்த சீட்டுல இருக்க மாட்டீங்க." அவர் அந்தப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். "கீழ யாரோட ஒப்பம் முதல்ல இருக்கு? பாருங்க. அதுக்கு மேலதான் என்னோடது. கேள்வி வந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கும்னு உங்களுக்கே தெரியும். போங்க, திங்கட்கிழமை வேலையப் பாருங்க."

அவர் குரலும் அவ்வளவு கெட்டியாக இல்லை. அவருடைய பணி நீட்டிப்புக் கடிதம் ஒப்பத்துக்காகத் துணைவேந்தர் மேசையில் இருந்தது. ஆனால் அதிகாரியின் பயம் படியிறங்கி வரும்போது மிரட்டலாகத்தான் வந்து சேர்கிறது.

சனிக்கிழமை காலையில் செவிலியர் துறைத் தலைவிக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்த அம்மாள் பேரவை உறுப்பினர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இருக்காதேம்மா, நான் நல்லாப் பார்த்தேனே" என்றார் அவர். பிறகு காகிதம் புரளும் ஓசை. கடைசியில், "ஐயையோ. இதுல என் கையெழுத்தும்ல இருக்கு" என்றார்.

"நீங்க திங்கட்கிழமை ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மேடம்…"

"திங்கட்கிழமை நான் லீவு."

"லீவு போட்டிருக்கீங்களா மேடம்?"

"இப்ப போடப் போறேன்."

அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் இருந்தவர். உலகத்தில் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அன்று அவள் சமையலறையில் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்பதில் குடும்பத்தில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "எழுந்து சொல்லிடு, வர்றது வரட்டும்னு நான்தான் சொன்னேன்" என்பார் அவர். அப்போது அந்த வீட்டில் தங்கியிருந்த கடைசித் தங்கை அதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் காதில் விழுந்தது இப்படி:

"நீ பேசாம இரு. வேலியில போற ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துதே கொடையுதேன்னு என்கிட்ட வராத."

"ஓணான் ஏற்கெனவே மடியிலதாங்க இருக்கு."

"அப்ப ஆடாம அசையாம உக்காரு. அதுவா எறங்கிப் போயிடும்."

"போகலன்னா?"

"போகலன்னா உன் தங்கச்சி மடிக்குத் தள்ளி விடு. சும்மாதானே உக்காந்திருக்கா."

அவர் சிரிக்க வைக்கத்தான் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். வேலை போய்விட்டால் என்ன செய்வது, இடைநீக்கம் என்றால் வீட்டில் யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பயம். அதற்கு அடியில், அதைவிடக் கனமாக, வேறொன்று. தங்கையின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது, புட்டியின் மூடியில் இருந்த அளவுக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். "ஊத்துக்கா, என்ன பாக்கற?" என்று தங்கை கேட்டதற்கு, "எத்தன மில்லின்னு நீயே பார்த்து ஊத்து. என் கண்ணை நான் நம்பல" என்று புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தங்கை சொன்னவற்றில் இது ஒன்றை மட்டும் கணவரும் மறுப்பதில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பேரவை கூடியது. நீள்வட்ட மேசையைச் சுற்றிப் பேராசிரியர்கள். சுவரோரம் நாற்காலி போட்டுக் கோப்புகளோடு அலுவலர்கள். சுவரோரம் இருப்பவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுக்கலாம். வாய் திறக்கக் கூடாது. இருபத்தாறு ஆண்டில் அந்தச் சுவரோரத்திலிருந்து ஒரு குரல் எழுந்ததில்லை. செவிலியர் துறைத் தலைவியின் நாற்காலி காலியாக இருந்தது. பதிவாளர் துணைவேந்தரின் வலப்பக்கம் அமர்ந்து, ஒரு முறை அவளைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான்.

"போன கூட்டக் குறிப்பு எல்லாருக்கும் வந்திருக்கும்" என்றார் துணைவேந்தர். "உறுதி செய்யலாமா?"

அவள் மடியில் இருந்த மூலப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யாரோ இருமினார்கள்.

"ஒரு சின்ன ஆட்சேபம்" என்று கணிதப் பேராசிரியர் எழுந்தார். எதற்கும் ஓர் ஆட்சேபம் வைத்திருப்பவர். கமா பேராசிரியர் என்று பெயர். "பக்கம் பன்னிரண்டுல என்னப் பத்தி 'விவாதத்துல கலந்துகொண்டார்'னு போட்டிருக்கு. நான் அன்னிக்கு லேட்டு. நான் வர்றதுக்குள்ள விவாதம் முடிஞ்சு டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க."

"டீயில கலந்துக்கிட்டீங்கல்ல? அத எழுதிக்கலாம்" என்றார் ஒருவர். மேசை முழுவதும் சிரிப்பு. துணைவேந்தரும் சிரித்துக்கொண்டே, "சரி, திருத்திக்குவாங்க. வேற ஒண்ணும் இல்லையே?" என்றார்.

நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. தான் எழுந்து நிற்பது அந்த ஓசையைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"என்னம்மா?"

"பக்கம் நாற்பத்தேழு, ஐயா." குரல் பாதி வந்தது, பாதி உள்ளேயே நின்றது. "கூட்டினா… முப்பது வரலைங்க ஐயா."

"சத்தமாச் சொல்லுங்க, கேக்கல."

பதிவாளர் திரும்பினார். "அது அலுவலகத்துல பார்த்துக்கலாம் சார், அடுத்த பொருளுக்குப் போலாம்" என்றார்.

"நாற்பத்தேழு" என்று அவள் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை அவளே எதிர்பாராத அளவுக்குச் சத்தமாக வந்தது. "இருபத்தேழுதான் வருது. மூணு மணி நேரச் செய்முறை விட்டுப்போச்சு. மருந்தளவுக் கணக்கீடு."

எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினார்கள். கணிதப் பேராசிரியர் விரல் வைத்துக் கூட்டினார். "இருபத்தேழுதான்" என்றார், ஆட்சேபம் எதுவும் இல்லாமல்.

"விட்டது யாரு?" துணைவேந்தர் இப்போது சிரிக்கவில்லை.

"நான்தாங்க ஐயா. தட்டச்சு பண்ணும்போது விட்டுட்டேன். துறை அனுப்பினதுல இருக்கு, இங்க கொண்டாந்திருக்கேன்."

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பார்வை வலப்பக்கம் போய்த் திரும்பியதை அவள் கண்டாள்.

"நாம எல்லாரும் படிச்சுட்டுத்தானே கையத் தூக்கினோம்?" என்று துணைவேந்தர் மேசையைப் பார்த்துக் கேட்டார்.

"அதுக்கு அடிக்கோடு போடலையே சார்" என்று ஒரு குரல் வந்தது. சிரிக்கலாமா என்று சிலர் பார்த்தார்கள். யாரும் முதலில் தொடங்கவில்லை. வரி சேர்க்கப்பட்டது. குறிப்பு உறுதியானது. அவள் உட்கார்ந்தாள். பிற்பகல் இரண்டு மணிவரை நடந்த கூட்டத்தில் வேறு என்ன பேசினார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகுதான் உண்மையான பயம். கூட்டத்தில் அரை நிமிடம் பயந்தால் போதும். தண்டனை என்னவென்று தெரியாமல் காத்திருந்தது பதினொரு நாள். அலுவலக உதவியாளர் கையில் உறையோடு கதவில் தலை நீட்டும்போதெல்லாம் உயிர் ஒரு முறை போய் வரும். "உனக்கில்லக்கா, உனக்கில்ல" என்று அவர் தூரத்திலிருந்தே கையாட்டிவிட்டு வரப் பழகிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் கையாட்டாமல் வந்தார். ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அந்தக் கடிதம் கேட்டது. அவள் அன்றே எழுதிக் கொடுத்தாள், மூன்று வாக்கியம். எச்சரிக்கையும் இடமாற்றமும் கிடைத்தன: தரைத்தளத்தில், சன்னல் இல்லாத சான்றிதழ்ச் சரிபார்ப்புப் பிரிவு. அந்த ஆணையின் நகல் இப்போதும் வீட்டு அலமாரியில் சொத்துப் பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறது. பதிவாளருக்கு நீட்டிப்புக் கிடைத்தது. அவர் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் அவள் சுவரோரம் ஒதுங்குவாள். அவரும் மறு சுவரோரம் ஒதுங்குவார்.

வகுப்பு அட்டவணை முன்பே தயாராகிவிட்டிருந்ததால், சேர்க்கப்பட்ட மூன்று மணி நேரத்துக்குச் சனிக்கிழமை காலை மட்டுமே காலியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலைக்குப் போகும் பேருந்தில், அவளுக்கு முன் இருக்கையில் வெள்ளைச் சீருடையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாரம் பூரா ஓடினது பத்தாதுன்னு சனிக்கிழமையும் லேப்."

"இது இல்லாமத்தான் இருந்துச்சாம்டி. ஏதோ ஆபீஸ் அம்மா மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு கேட்டு வாங்கினாங்களாம்."

"யாருடி அந்தப் புண்ணியவதி? கையில கெடைச்சா ஊசி போட்டே கொன்னுடுவேன்."

"எத்தன மில்லி போடுவ? அதுக்கும் கணக்குத் தெரியணும்ல?"

மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஒருத்தி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்கேல் அக்கா தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டென்று கழற்றிப் பைக்குள் போட்டாள். பல்கலைக்கழக நிறுத்தம் வர இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. அந்த முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வண்டி வளைவில் மறையும்வரை ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, மீதித் தூரத்தை நடந்தே போனாள்.