கிண்ணியாவுக்கு நான் போட்டுப் போன முக்காடு

மஸ்கட்டில் கிண்ணத்தை ஆட்டாவிட்டால் கோப்பி நிற்காது. அரை மிடறு கொள்ளும் கைபிடியில்லாத கிண்ணம். கஹ்வா என்பார்கள், ஏலக்காய் மணக்கும், சீனி இருக்காது. குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தை நீட்டினால் ஊற்றுகிறவர் திரும்ப நிரப்புவார். போதும் என்றால் அதை இரண்டு தரம் இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஹோட்டல் வரவேற்பறையில் ஒன்பது கிண்ணம் குடித்தேன். தந்ததை வேண்டாம் என்று சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவள் நான். ஊற்றியவர் என் தாகத்தை நினைத்து இரங்கியிருக்க வேண்டும், பத்தாவதையும் நிரப்பினார். கடைசியில் மேற்பார்வையாளர் சல்மா வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டி என்னை மீட்டார்.

ஏழு வருடமாக அதே ஹோட்டலில் இருக்கிறேன். புதிதாக வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த நாட்டுப் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த சைவப் பெண், ஓமானியரிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஜெர்மன்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் வகுப்பெடுக்கிறேன். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். வலக்கையால் சாப்பிடுங்கள். உள்ளங்கால் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி உட்காராதீர்கள். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். இப்படிப் பத்து விதிகள், ஹோட்டல் அச்சடித்துத் தந்த தாளில் இருந்தவை. மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறேன். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் இறங்கிவிடும். தொழுகிறவரின் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள், அவருடைய பாயில் செருப்புக் காலை வைக்காதீர்கள் என்பது அது.

போன வருடம் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆசிரியை, வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றார்.

“உங்கள் ஊரில் முஸ்லிம்கள் இருக்கிறார்களா?”

“நிறையப் பேர். என்னுடைய மொழியைத்தான் பேசுகிறார்கள்.”

“அதுதானே பார்த்தேன். சிறு வயதிலிருந்தே கூடி வாழ்ந்தவர்களால்தான் இவ்வளவு அன்பாகச் சொல்ல முடியும்.”

ஆமென்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பற்றி நன்றி சொல்லிப் போனார். நான் போய்க் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். இந்தக் கட்டுரையில் அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் போகிறேன்.

வெளிநாடு வருமுன் நான் துறைமுக வீதியில் ஒரு தனியார் அலுவலகத்தில் எழுதுநராக இருந்தேன். மாடியில் நாங்கள் ஆறு பேர். அதில் நஸ்மியா ஒருத்திதான் முஸ்லிம். பாலத்துக்கு அப்பால், முஸ்லிம்கள் நிறைந்த கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட நாலு வயது இளையவள், சுகி அக்கா என்று கூப்பிடுவாள். என் இங்கிலிஷ் கடிதங்களில் பிழை கண்டால் மற்றவர்களுக்குத் தெரியாமல் பென்சிலால் திருத்தி வைப்பாள். நாலு வருடம் அருகருகே இருந்து வேலை செய்தோம். ஒரு நாளும் நான் அவள் வீட்டுக்குப் போனதில்லை.

ஒரு நோன்பு மாதம். மத்தியான இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள்.

“சுகி அக்கா, பைல் அறைத் திறப்பைப் பத்து நிமிசத்துக்குத் தருவீங்களா? ளுஹர் தொழுதிட்டுத் தாறன்.”

“ஏலாது நஸ்மியா. அதுக்குள்ள முக்கியமான பைலுகள் கிடக்கு.”

அப்படி முக்கியமான பைல் எதுவும் அங்கே இல்லை. உடைந்த மின்விசிறி ஒன்றும் பழைய கலண்டர்களும் இருந்தன. அத்துடன் வருடாவருடம் வாணி விழாவுக்கு எடுக்கிற சரஸ்வதி படமும் குத்துவிளக்கும் இருந்தன. அந்த அறையில் ஒன்பது நாளும் பூசை செய்கிறவர்கள் நாங்கள். அங்கே ஒருத்தி பத்து நிமிடம் நெற்றியைத் தரையில் வைத்தால் என்ன ஆகிவிடும் என்று இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. யாரும் என்னிடம் மறுக்கச் சொல்லவும் இல்லை. பூட்டும் திறப்பும் என்னிடம் இருந்தன, அவ்வளவுதான்.

அவள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் சின்னச் சதுரமாகச் சீமெந்துத் தரை இருந்தது. அங்கே அதை விரித்துத் தினமும் தொழத் தொடங்கினாள். நாங்கள் சாப்பிடப் போகவும் வரவும் அதுதான் பாதை. ஒரு வாரம் எல்லோரும் சுவரோடு ஒட்டி நடந்தோம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பசியும் வெக்கையுமாக நான் முன்னுக்கு இறங்கினேன். பின்னால் மூன்று பேர்.

“கொஞ்சம் வழி விடுங்கோவன்,” என்றேன். அவள் நெற்றி தரையில் இருந்தது. தொழுகையில் இருப்பவள் பதில் சொல்லமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பிறகு அவள் தலைக்கு முன்னால் கால் வைத்து இறங்கினேன். செருப்பு பாயின் ஓரத்தில் பதிந்தது. பின்னால் வந்தவர்களில் ஒருவர், “சுகி கடல் தாண்டிட்டா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்தபோது நஸ்மியா தன் கதிரையில் இருந்து தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். அன்று பின்னேரம் என் கடிதமொன்று திருத்தப்படாமல் அப்படியே வந்தது. பெருநாளுக்கு லீவு எடுத்தவள், பிறகு வேலைக்கு வரவேயில்லை.

மஸ்கட்டில் முதல் கார்த்திகை விளக்கீடு வந்தபோது, படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையில், அலுமாரிக்குள் அம்மன் படத்தை வைத்து ஒரு சிட்டி விளக்குக் கொளுத்தினேன். கதவைத் திறந்த சல்மா பதறிப்போனார். “நார்! லா, லா!” என்று கத்திக்கொண்டு ஊதி அணைத்தார். லா என்றால் இல்லை, கூடாது என்பது அப்போதே தெரியும். இங்கே சாமி கும்பிடக் கூடாது என்று விளங்கிக்கொண்டேன். படத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வேலை போகும் என்று காத்திருந்தேன். அடுத்த நாள் சல்மா பற்றரியில் எரிகிற சின்ன விளக்கொன்றைக் கொண்டுவந்தார். அலுமாரியின் மேல்தட்டை வெறுமையாக்கித் துடைத்து, தனக்குத் தெரிந்த அளவு இங்கிலிஷில் சொன்னார்: “நார், நெருப்பு. துணி எரியும். உன் கடவுள் பிரச்சினை இல்லை.” அறைத் திறப்புகளில் ஒன்றை என் முன் நீட்டினார்.

அந்தத் திறப்பை வாங்க என் கை நீளவில்லை. சல்மா அதைக் கூச்சம் என்று நினைத்தார். நான் நஸ்மியாவுக்குக் கொடுக்காத திறப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோன்பு மாதத்தில் பயணிகள் குறைவு, அதனால் அப்போதுதான் எனக்கு லீவு கிடைக்கும். ஆறு லீவு அப்படி ஊருக்கு வந்தும் கிண்ணியாப் பக்கம் போகவில்லை. ஜெர்மன் ஆசிரியைக்குப் பிறகு வந்த லீவில் போனேன். விலாசம் விசாரித்து, ஓமானி அல்வா ஒரு பெட்டி வாங்கி, முழுக்கைச் சட்டை போட்டு, தலைக்குக் கறுப்புச் சால்வையைச் சுற்றினேன். ஒரு தலைமயிரும் வெளியே தெரியாதபடி, பயணிகளுக்கு நான் கட்டிக் காட்டுகிற அதே கட்டு.

நஸ்மியாவே கதவைத் திறந்தாள். பிள்ளைகளுக்கு வீட்டில் இங்கிலிஷ் படிப்பிக்கிறாள். உள்ளே மர வாங்கில் அவர்கள் எழுதிய கொப்பிகள் கிடந்தன. நான் வலக்கையை நெஞ்சில் வைத்து, “அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றேன். அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“சுகி அக்காவா? என்ன இது கோலம்?”

“உங்கட வீட்டுக்கு வாறதெண்டு…”

“முக்காட்டக் கழட்டுங்க. நாலு வருசம் உங்கள முக்காடு இல்லாமத்தானே பாத்த நான். என்ட வீட்டுக்கு டூரிஸ்ட் மாதிரி வாறீங்க.”

சால்வையை அவிழ்க்கும்போது ஊசி விரலில் குத்தியது. கதிரையில் இருந்தேன்.

“நஸ்மியா, அண்டைக்குப் படியில…”

“ஞாபகம் இரிக்கி.”

“நான் மிதிச்சது பிழை. திறப்புத் தராததும் பிழை. அதுக்குள்ள பைல் ஒண்டும் இருக்கயில்லை.”

“அதும் தெரியும் அக்கா. வாணி விழாவுக்கு அந்த அறையக் கூட்டினதே நானும் நீங்களும்தானே.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். அவளும் ஒரு விளக்குமாற்றோடு அந்த அறைக்குள் நின்ற காட்சி அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது.

“பாயக் கழுவிட்டன், ஊத்தை போயிட்டு,” என்றாள். “மிதிச்சது எனக்குப் பெரிசில்ல. சிரிச்சீங்க பாருங்க. நான் நெத்திய நிலத்தில வச்சி சுஜூதில இரிக்கன், ஆக்கள் தெரியாது, சத்தம் மட்டும்தான். அத்தன சிரிப்புக்குள்ளயும் உங்கட சிரிப்புத் தனியாக் கேட்டிச்சி.”

“மஸ்கட்டில நான் இதைத்தான் ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிறன். தொழுற ஆளுக்கு முன்னால போகக் கூடாதெண்டு. அங்க போய்த்தான்…”

“இதப் படிக்க மஸ்கட்டுக்குப் போகணுமா? கிண்ணியாவுக்கு பஸ் இரிக்கே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னித்துவிடு என்று கேட்டேன். நஸ்மியா கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரத்தைத் தட்டினாள்.

“நோன்போட பொய் சொல்ல ஏலா அக்கா. மன்னிச்சிட்டன் எண்டு இண்டைக்குச் சொன்னா அது பொய்யாப் போயிரும். நீங்க வந்தது சந்தோசம். அது உண்மை.”

எழும்பினேன். அவள் குசினிக்குள் போய், மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் வாளியொன்றில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். கொதி இன்னும் ஆறவில்லை.

“வாளிக்கு அவசரமில்ல. எப்பயாவது கொண்டாங்க. ஆனா ஆரிட்டயும் குடுத்து விடாதீங்க, நீங்களே வாங்க.”

நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் பாதிப் பேர் நோன்பாளிகள். மடியில் தண்ணீர்ப் போத்தலும் சின்னச் சின்னப் பொதிகளுமாக இருந்தார்கள். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதால், பாலத்தில் ஏறுமுன் சாரதி பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார். நானும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என் பக்கம் திரும்பினார்.

“எந்த ஊர் புள்ள?”

மஸ்கட் என்று வாய் வரைக்கும் வந்தது. “டவுண்,” என்றேன்.

“ஆர்ட மகள்?”

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் என் வெறும் தலையையும் கஞ்சி வாளியையும் பார்த்தார்.

“அப்ப உங்களுக்கு நோன்பு இல்லையே. குடிக்கிறதுதானே, ஆறிரும்.”

“எல்லாரும் குடிக்கட்டும்.”

பாங்கு கேட்டது. பஸ் முழுக்கக் கைகள் ஒன்றாக வாயை நோக்கிப் போயின. என் கை வாளியின் மூடியிலேயே நின்றது. இந்த நேரத்தில் அரபியில் எப்படி வாழ்த்த வேண்டும் என்று எத்தனையோ நாட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், என்னுடைய தமிழையே பேசும் ஒரு பெண்ணுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

“குடியுங்கோ,” என்றேன்.

“நீங்களும் குடிங்க,” என்று அவர் வாளியின் மூடியைத் திறந்துவிட்டார்.