கத்தரிக்காய்க் கழிவும் என் முதல் பேச்சும்

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடையில், எனக்குத் தலைமைப் பண்பு வரவேண்டும் என்று செம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் விவசாயம் சார்ந்த தொழில்களில் நாளைக்கு முன்னுக்கு வருவதற்கான பயிற்சி முகாம் அது. கன்னிவாடிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து நான் மட்டும் போனேன். இன்று நானே அப்படிப்பட்ட வகுப்புகளை நடத்துகிறவள். ஆனாலும் அந்த முகாமை நினைத்தால் எனக்கு இன்னும் கோபந்தான் வருகிறது.

பயிற்சி தந்த அக்கா திண்டுக்கல்லிலிருந்து வந்தவர். விளைச்சலைத் தரம் பிரிப்பது, கூட்டம் நடத்துவது, வியாபாரியிடம் விலை பேசுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் சொல்லத் தயங்குவதைச் சொல்கிறவரே தலைவர் என்று பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார். என் குழுப் பெண்கள் என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசி நாள், பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு குழுத் தலைவரும் தங்கள் ஊர் விவசாயிகளின் பிரச்சினை ஒன்றைப் பேசவேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது கழிவு. கத்தரிக்காய் மூட்டையைத் தராசில் வைத்ததும் சாக்கு, ஈரம், சொத்தை என்று ஏதாவது காரணம் சொல்லி, காயை ஏலம் போட்டு விற்றுத்தரும் கமிஷன் கடையில் எடையைக் குறைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் கழிவு. சொத்தையெல்லாம் பொறுக்கியெடுத்து நல்ல காயாகக் கொண்டுபோனாலும் கழிவு உண்டு. எங்கள் குழுவில் யார் வீட்டிலும் அதே புலம்பல்தான்.

விழா அன்று மேடையில் நடு நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர், எங்கள் அப்பா காய் கொண்டுபோய்ப் போடும் கமிஷன் கடையின் முதலாளி. முகாமுக்குச் சாப்பாட்டுச் செலவு முழுக்க அவருடையதாம். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரே வந்து உட்கார்ந்திருக்கிறார், வேறென்ன வேண்டும்?

பேசினேன். குரல் நடுங்கவில்லை. “தரம் பிரிச்சுக் கொண்டாந்த காய்க்கு எதுக்குக் கழிவு? தராசு எங்க கண்ணு முன்னால நிக்கணும்” என்று முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் வரிசையில் ஒரு கையும் அசையவில்லை. வீட்டில் அதையே திட்டித் தீர்க்கிறவர்கள் அத்தனை பேரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி சிரித்தார். “பாப்பா நல்லாப் பேசுது. யாரு வீட்டுப் புள்ள?” என்று மைக்கிலேயே கேட்டார். நான் பெருமையாக அப்பா இருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

அக்கா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப்போய், “நீ பேசினது சரிதாம்மா. இடந்தான் சரியில்ல” என்றார். பலகையில் எழுதியபோது அவர் இடத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பரிசு, மழைநீரைச் சேமிப்போம் என்று பேசியவனுக்குப் போனது.

மறுநாள் காலை அப்பாவோடு நானும் கடைக்குப் போனேன். எல்லார் மூட்டையும் ஏலம் போயிற்று. எங்கள் மூட்டைகளை மட்டும் தாண்டித் தாண்டிப் போனார்கள். கேட்கும்போதெல்லாம் “செத்த நேரம் இருங்க” என்றார் கணக்குப்பிள்ளை. வெயில் ஏறி, வாங்க வந்தவர்கள் எல்லாரும் சரக்கை வண்டியேற்றிப் போன பிறகு, வாடிக் கிடந்த காய்க்கு ஏதோ பிச்சை போடுகிறமாதிரி ஒரு விலை சொன்னார்கள். அப்பா முதலாளியின் மேசைக்குப் போனார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“சின்னப் புள்ள, மொதலாளி. தெரியாமப் பேசிருச்சு.”

“நான் ஒண்ணும் மனசுல வெக்கலப்பா. புள்ளைய நல்லாப் படிக்க வையி” என்றார் முதலாளி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் பேசினேனா? அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னதைத்தான், அவர் வார்த்தையிலேயே பேசினேன். முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் பெரிது.

வாடகைக்குப் பிடித்த குட்டியானை வண்டியின் பின்னால், வெறும் சாக்குகளின்மேல் உட்கார்ந்து திரும்பினோம். பாதி வழியில் அப்பா, “ஏத்தா, அம்புட்டுப் பேரு முன்னால மைக்கப் புடிச்சியே, மொத வார்த்த எப்பிடி வந்துச்சு?” என்று கேட்டார்.

கேலி என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“நாக்கு ஒட்டிக்கிறலயா?”

“ஒட்டல” என்றேன் வெடுக்கென்று.

“இல்ல, சும்மா கேட்டேன்” என்றார்.

அடுத்த மாதம் கலெக்டர் ஆபீசில் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அப்பா எழுந்து கழிவைப் பற்றிப் பேசியது, கூடப் போனவர் வந்து சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது. கழிவு நிற்கவில்லை. தராசு மட்டும் நாங்கள் பார்க்கிற இடத்துக்கு வந்தது. அதற்கே அப்பா ஒரு பருவம் முழுக்க வேறு சந்தைக்கு, வடமதுரை வரைக்கும், காய் சுமக்க வேண்டியிருந்தது.

வண்டியில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஊர் வந்து சேரும்வரை அவர் உதடுகள் சத்தமில்லாமல் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தன. முதலாளியிடம் அடுத்துச் சொல்லப்போகும் சமாதானம் என்று நினைத்து, நான் வண்டியின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.