பக்கப் பெட்டியில் பத்தியச் சோறு

என் மருமகன் வைத்திருந்த மோட்டார் சைக்கிளை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரில் சொன்னதில்லை. "ஏரோப்பிளேன் வருது" என்றுதான் சொல்வார்கள். முன்னால் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் மூடிய உடம்பு, பின்சக்கரத்தின் இரு புறமும் மூடி போட்ட பெட்டி. எங்கள் தோட்டத்தை நிர்வாகம் பண்ணிய ஒரு தொரை கொழும்புக்கு ஒரே மூச்சில் போய்வர வைத்திருந்த வண்டி அது. அவர் ஊரைவிட்டுப் போனபிறகு பழைய சாக்குகளுக்கு அடியில் பல வருடம் கிடந்தது. மருமகன் பதுளையில் ஒரு கராஜில் வேலை செய்தார். லீவு நாளெல்லாம் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்து ஓட வைத்துவிட்டார். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து பதுளைக்குத் தினமும் அதில்தான் வேலைக்குப் போவார்.

பெற்றோல் அதிகம் குடிக்கும், லேசில் தள்ள முடியாத கனம். பேட்டரியும் கிழடு. அதனால் கோயிலுக்கு மேலே உள்ள சரிவில்தான் நிறுத்துவார். காலையில் உருட்டிவிட்டு ஏறினால், நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவைத் தாண்டும்போது உறுமத் தொடங்கும்.

நான் மகள் வீட்டோடு இருந்தேன். ஆனாலும் மருமகனோடு நேருக்கு நேர் பேசியதில்லை. எங்களில் மாமியார் அப்படித்தான் இருப்பாள். எனக்குக் கூச்சமும் அதிகம். சோறு வேண்டுமா என்று மகளிடம் கேட்பேன், அவள் அவரிடம் கேட்பாள். மூன்று பேரும் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருந்துகொண்டே இப்படி நடக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். எட்டாம் மாதமே மகளுக்கு வலி கண்டு பதுளை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. கோழிக்குஞ்சு மாதிரி இருந்த பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மகளுக்குப் பால் சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவள் தொடுவதே இல்லை. "அம்மா சாப்பிட்டாத்தான் பிள்ளைக்குப் பால்" என்று நர்ஸ் எனக்குப் புரிகிற அளவுச் சிங்களத்தில் சொன்னார். காலையில் கொஞ்ச நேரம்தான் வாசலைத் திறப்பார்கள். அதற்குள் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். எங்கள் பக்கத்துக் காலை பஸ்ஸோ, வந்தால் உண்டு.

அன்று மாலை மருமகன் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார்: "காலைல வண்டில வரலாம்னு சொல்லணும்."

நான் பூனையைப் பார்த்து, "சரின்னு சொல்லு" என்றேன். கேட்டுச் சொல்ல மகள் இல்லையே.

இடது பக்கப் பெட்டியைக் கழற்றிவிட்டு, சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்க ஒரு தகடு ஒட்டவைத்தார். சீட் அகலமானது. நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொள்வேன். இன்னொன்றும் செய்தார். இடது கைப்பக்கக் கண்ணாடியில் என் முகம் தெரியும் என்று அதை வெளிப்பக்கமாகத் திருப்பி விட்டிருந்தார். அதைப் பார்த்த அன்று மனசுக்குள் அவரைக் கும்பிட்டேன்.

முதல் நாள் லயமே வாசலில் நின்றது.

"என்னக்கா, டிக்கட் எடுத்தாச்சா?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "மேல போனதும் ஒரு கடுதாசி போடுங்க!"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

விடியும் முன்னே எழுந்து பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் சோறும் வைத்து, தூக்குச்சட்டியைத் துவாயில் சுற்றி வலது பெட்டிக்குள் வைப்பேன். பசறைக்குப் போகும் வழியெல்லாம் பனி முகத்தில் அடிக்கும். ஆனால் எஞ்சின் சூடு கால் பாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும். என் வயசில் அந்த நேரத்தில் கால் குளிராமல் போன பயணம் அதுதான்.

யுத்த காலம், பசறை தாண்டி ஒரு ராணுவச் சோதனைச் சாவடி. பின்னால் இருப்பவர் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். ஏறியதும் பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அவர் எடுப்பார். பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ. நான் அட்டையைச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிப்பாய் வண்டிப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். கருவாட்டு வாசனை போலும், சிரித்துக்கொண்டே மூடியைப் போட்டு டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

வண்டி போய்விட்டது.

நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கனத்த வண்டிக்கு ஒன்றுதான். கண்ணாடியும் வேறு பக்கம் பார்த்தது. கூப்பிட்டிருக்கலாம். "மாப்பிள்ள" என்று நடுரோட்டில் கத்த வாய் வரவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

"வாடிவென்ன அம்மே" என்று உட்காரச் சொல்லி அந்தச் சிப்பாய் ஒரு பலகையைக் காட்டினார். தன்னால்தான் இப்படி ஆனது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகம் சுருங்கிவிட்டது. உட்கார்ந்து ஒரே வேண்டுதல்தான் வேண்டினேன். நான் எப்படியோ வந்து சேர்ந்துகொள்வேன், அவர் திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கே போய்விட வேண்டும், சோறு போய்ச் சேர வேண்டும்.

வளைவில் அந்த உறுமல் கேட்டது. திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. எழுந்து நின்று கத்தினேன்.

"ஏன் மாப்பிள்ள திரும்பி வந்தீங்க? சோத்தக் குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல? வாசல மூடிருவானுங்க, புள்ள பசியோட கெடப்பா! ஒங்களுக்கு புத்தி இருக்கா?"

அவர் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு காலை ஊன்றினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பாலத்துக்கிட்ட ஒரு ஆளு, 'என்னா தனியா வர்ற'ன்னு கேட்டான் அத்த. அப்பதான் தெரிஞ்சுச்சு. ஒங்கள விட்டுட்டு சோத்த மட்டும் கொண்டு போனா ஒங்க மக என்னைய உள்ள விடுவாளா?"

"சரி, எடுங்க எடுங்க!"

"கம்பி பத்தாது அத்த. என் சட்டையப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். அதுவரை என்னை வைத்துக்கொண்டு மாட்டு வண்டி மாதிரிதான் ஓட்டியிருக்கிறார். அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ஓட்டத்தை அன்றுதான் பார்த்தேன். முன் கண்ணாடி காற்றைப் பிளந்துவிட்டது, வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை. பயந்தேனா என்றால், பயப்பட நேரம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார். "பூட்டாதீங்க ஐயா!" என்று கத்திக்கொண்டே தூக்குச்சட்டியோடு ஓடினேன். என்னைப் பார்த்து அவர் சங்கிலியைக் கீழே விட்டார். அவருக்கும் ஒரு கும்பிடு.

சோறு சூடாகத்தான் இருந்தது. மகள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"என்னம்மா, தலையெல்லாம் இப்புடிப் பறந்து கெடக்கு?"

"ஒம் புருஷன் ஓட்டுனாரு."

"அவருகிட்டப் பேசுனியா?"

"ஏசுனேன்."

பிள்ளை பிறந்த பிறகு அவள் அன்றுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை, வண்டியின் இடது கண்ணாடி நேராகத் திரும்பியிருந்தது. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வாரம் போனோம். பால் ஊறியது. பிள்ளை கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்தது. வீட்டுக்கு விடும் நாளில் தாயும் பிள்ளையும் ஒரு வேனில் முன்னால் போனார்கள். பின்னால் நாங்கள். சாவடியில் இறங்கி, அட்டையைக் காட்டி, நடந்து, மறுபடி ஏறினேன். பழக்கத்தில் பெட்டியைத் தட்டக் கையை நீட்டினேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"ஏறிட்டீங்களா அத்த?"

"ஏறிட்டேன் மாப்பிள்ள. போங்க."