பதில் இல்லாத கட்டங்கள்

என் குப்பத்தைக் கடற்கரையிலிருந்து பெயர்த்தெடுத்தவன் நான்தான்... ஒரே ஒரு வரியால்!

நம்ப மாட்டீர்கள். மயிலாப்பூருக்குக் கிழக்கே, மணலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அம்மா மீன் விற்பவள். எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் கண்டவன் நான். தேனாம்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் தற்காலிக வேலை. கூட்டங்கள் சச்சரவில்லாமல் முடிவெடுக்க ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். பெயர் வாசித்ததும் எழுந்து வந்து, 'சம்மதம்' அல்லது 'மறுப்பு' பொத்தானை அழுத்தவேண்டும். யார் எதை அழுத்தினார் என்று எவருக்கும் தெரியாது. எத்தனை நேர்மையான ஏற்பாடு!

முதல் சோதனைக்கு என் குப்பத்தையே காட்டிக்கொடுத்தேன். கேள்வி இதுதான்: குடிசைகளை விட்டு, தரமணிக்கு அப்பால் கட்டியிருக்கும் அடுக்குமாடிக்குப் போகலாமா?

"பொத்தானை அமுக்காதவங்களை என்ன சார் பண்றது?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

"சம்மதத்துல சேர்த்துடுப்பா. எதிர்ப்பு இருந்தா வந்து அமுக்கமாட்டானா? இது நல்லபடியா முடிஞ்சா உன் வேலை நிரந்தரம்."

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் முன் 'முடியாது' என்று எவரும் சொல்வதில்லை. பிடிக்காவிட்டால் எழாமல், தலை குனிந்து, மணலைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். பாதிப்பேர் அப்படி உட்கார்ந்துவிட்டால் குப்பத்துத் தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுவார். அந்த யோசனை அத்தோடு கைவிடப்படும்.

இதைச் சொல்ல எனக்கு வாயில்லையா? இருந்தது... நிரந்தரம் என்ற சொல் அதை அடைத்துவிட்டது. பதில் இல்லாத கட்டங்களெல்லாம் 'சம்மதம்' என்று புரோகிராமில் அந்த ஒரு வரியை எழுதினேன்.

மணலில் பந்தல் போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தோம். பெயர்களை நானே வாசித்தேன். அம்மாவின் பெயரையும்! அவள் எழவில்லை. குனிந்து மணலைக் கிளறினாள். அவளைப்போல் எத்தனை பேர்...

திரையில் 'சம்மதம்' வென்றது.

"மிசினே சொல்லிட்ச்சு. நம்ம புள்ள எய்துனதாச்சே, பொய்யா சொல்லும்?" என்றார் தலைவர்.

நான் அவரை ஆமோதித்துத் தலையாட்டினேன்.

இன்று அம்மா விடியுமுன்னே எழுந்து, கரைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். திரும்பும்போது, "கூடை நாறுது, எறங்கு ஆயா" என்கிறார் கண்டக்டர். என் வேலை நிரந்தரமாகிவிட்டது.

ஒருநாள் கேட்டாள்: "நைனா, நான் எய்ந்துக்கவே இல்லியே... அல்லாரும் நெசமாவே சரின்னா சொன்னாங்க?"

நான் தலை குனிந்தேன். சிமெண்டுத் தரை. கிளற மணல்கூட இல்லை!

அந்தக் குப்பத்தில் பிறந்தவளுக்கா அது புரியாது? கூடையைத் தலையிலேற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

அதற்குப்பின் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.